நார்வே போகலாம், மகளின் கல்லூரிப் பணத்தைத் தொடாமல்

கேள்வி: நானும் கணவரும் திருச்சியில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1.35 லட்சம். வீட்டுச் செலவு 70,000 ஆகிறது. மகளின் கல்லூரிக்காக எஸ்.ஐ.பி.யில் 25,000 போடுகிறோம்; அந்த ஈக்விட்டி (பங்குச் சந்தை) ஃபண்டில் இதுவரை 11 லட்சம் சேர்ந்திருக்கிறது. எஃப்.டி.யில் 6 லட்சம் உண்டு. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. வரும் மே மாதம் ஸ்காண்டிநேவியா போய் ஃபியோர்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு புகும் கடலை, பார்க்க ஆசை. 10 நாள், நான்கு நாடுகள், தலைக்கு 4.2 லட்சம் என்கிறது ஒரு டூர் நிறுவனம். முன்பணம் 25,000 கட்டிவிட்டோம். எஃப்.டி.யிலிருந்து 4.35 லட்சம் எடுத்து, மீதி 8 லட்சத்துக்கு 14% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் போடலாம் என்கிறார் கணவர். கடன் வேண்டாம், ஃபண்டை விற்கலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு இது எட்டாத ஆசை இல்லை. தேதியும் பேக்கேஜும்தான் தப்பு.

முதலில் கடன். 8 லட்சத்துக்கு 14% வட்டியில் 36 மாதத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 27,350 ரூபாய். வட்டி மட்டும் 1.84 லட்சம். பத்து நாளில் ஊர் திரும்பிவிடுவீர்கள். கடைசித் தவணை கட்டும்போது மகள் கல்லூரியில் முதலாண்டை முடித்திருப்பாள். கூடவே எஃப்.டி. 1.65 லட்சமாகச் சுருங்கிவிடும். அது உங்கள் வீட்டின் இரண்டரை மாதச் செலவுக்குக்கூடக் காணாது.

ஃபண்டை விற்றால் வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீண்டகால லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 12.5% வரி உண்டு. அதைவிட முக்கியம், எடுத்த பணத்தைத் திருப்பி வைக்க இரண்டு வருடம்தான் இருக்கிறது. (கேட்காத கேள்விக்கும் ஒரு பதில்: இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம் முழுவதும் ஈக்விட்டியில் இருப்பது சரியில்லை. இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் டெட் ஃபண்டுக்கு மாற்றத் தொடங்குங்கள்.)

சரி, பேக்கேஜுக்கு வருவோம். பயணத் திட்டத்தையும் அனுப்பியிருந்தீர்கள்: கோபன்ஹேகன், அங்கிருந்து இரவுக் கப்பலில் ஆஸ்லோ, பெர்கன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி. பத்து நாளில் ஃபியோர்டில் படகில் இருக்கப்போவது ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரைக்கும், சுமார் இரண்டு மணி நேரம். எதற்காகப் போகிறீர்களோ அதற்கு இரண்டு மணி நேரம். மற்ற நாட்களில் பெட்டி கட்டுவதும், பஸ்ஸில் உட்கார்ந்தபடி நகரத்தைச் சுற்றுவதும், இந்திய உணவகத்தில் இரவுச் சாப்பாடும். 12.6 லட்சத்தில் பெரும்பகுதி இந்த ஓட்டத்துக்குத்தான் போகிறது.

நார்வேயில் படுக்கையும் சாப்பாடும்தான் விலை. மலைக்கும் நீருக்கும் யாரும் கட்டணம் கேட்பதில்லை. அதனால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆஸ்லோவில் இரண்டு இரவு, ஃப்ளோம் பக்கம் மூன்று, பெர்கனில் மூன்று, திரும்பும் வழியில் கோபன்ஹேகனில் ஒன்று, ஆக ஒன்பது இரவு போதும். ஆஸ்லோ–பெர்கன் ரயில் ஏழு மணி நேரம் ஓடுகிறது; வழியில் ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மே மாதத்திலும் அங்கே பனியைப் பார்க்கலாம். மிர்டாலில் இறங்கினால் ஃப்ளோம் ரயில். சுமார் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்கிக் கடல் மட்டத்தைத் தொடும். நேரோய் ஃபியோர்டும் கெய்ராங்கர் ஃபியோர்டும் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. உங்கள் பட்ஜெட்டுக்கு, ஃப்ளோம்–குட்வாங்கன் படகு போகும் நேரோய் போதும், கெய்ராங்கரை விட்டுவிடுங்கள்.

இதே ரயிலையும் படகையும் கோர்த்து 'நார்வே இன் எ நட்ஷெல்' என்ற பெயரிலும் விற்கிறார்கள். டிக்கெட்டுகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். ரயிலில் முன்கூட்டியே எடுத்தால் மலிவு டிக்கெட் கிடைக்கும், ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது. எனவே முதலில் விசா, பிறகு ரயில். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் தங்குவது நார்வேயில் என்பதால் அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டென்மார்க்குக்கும் அதே விசா செல்லும். விசாவுக்குக் காட்டும் ஹோட்டல் பதிவுகள் ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும்.

மூன்று பேருக்கு என் மதிப்பீடு: விமானம் 2.4 லட்சம், விசாவும் காப்பீடும் 45,000, தங்குவது 1.55 லட்சம், ரயில்-படகு 90,000, சாப்பாடு 90,000, கைக்காவலாக 60,000. மொத்தம் 6.8 லட்சம். பேக்கேஜில் கிட்டத்தட்ட பாதி.

சாப்பாட்டுக் கணக்குதான் பலருக்கு உதைக்கும். உணவகத்தில் ஒரு தட்டு 200, 250 குரோனர் சர்வசாதாரணம். நார்வே குரோனர் ஒன்பது ரூபாயை ஒட்டி என்று வைத்தால் மூவரின் ஒரு வேளைச் சாப்பாடு ஆறாயிரத்தைத் தொட்டுவிடும். ஹோட்டல் என்றால் காலைச் சாப்பாடு சேர்ந்த அறையாகப் பாருங்கள், அங்கே அது பெரிய விருந்து. ஃப்ளோம் பக்கம் சமையல் வசதியுள்ள 'ஹிட்டே' எனப்படும் மரக்குடில் எடுங்கள். அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய் இங்கிருந்து போகலாம்; நெய், பால்கோவா உட்பட பால், இறைச்சிப் பொருள் எதையும் நார்வேக்குள் விடமாட்டார்கள். குடில் வாடகையில் படுக்கை விரிப்பும் கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணமும் பெரும்பாலும் சேராது. புக் செய்யும் முன் அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

நார்வேயும் டென்மார்க்கும் யூரோ நாடுகள் அல்ல, ஆளுக்கொரு குரோனர். நோட்டுக் கட்டு கொண்டுபோகாதீர்கள், எல்லாம் கார்டுதான். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக்கு 3.5% வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் விழும். அங்கே 2.5 லட்சம் செலவழித்தால் அதுவே பத்தாயிரம். அந்தக் கட்டணம் இல்லாத கார்டைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கடையில் மெஷின் 'ரூபாயா, குரோனரா' என்று கேட்டால் குரோனரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

அப்புறம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்கும்போது நிறுவனம் இந்த வரியை முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கும். 2023 அக்டோபரில் ஏழு லட்சத்துக்கு மேல் 20% வரை ஏற்றினார்கள், பிறகு மாற்றினார்கள். பணம் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமான டிக்கெட்டை மட்டுமோ ஹோட்டலை மட்டுமோ தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் வரவாகத்தான் நிற்கும், ஆனால் கைக்கு வரும்வரை முடங்கும்.

இனி தேதி. அடுத்த வருடம் மே இரண்டாம் பாதி என்று வையுங்கள். மகள் பிளஸ் ஒன் முடித்திருப்பாள். பனி உருகி அருவிகள் நிரம்பி ஓடும் நேரம். ஜூன், ஜூலைக் கூட்டமும் இருக்காது. மே 17 அவர்களுடைய தேசிய நாள், கடைகள் அடைத்திருக்கும், அதைத் தாண்டிக் கிளம்புங்கள். அதுவரை 15 மாதம். செலவும் எஸ்.ஐ.பி.யும் போக மிஞ்சும் 40,000-இல் 32,000-ஐ ஆர்.டி.யில் போட்டால் 4.8 லட்சம். எஃப்.டி.யில் ஆறு மாதச் செலவான 4.2 லட்சத்தை விட்டுவிட்டு மீதி 1.8 லட்சம் எடுக்கலாம். ஆர்.டி. வட்டியும் சேர்ந்தால் 6.8 லட்சம் தேறிவிடும். விமான டிக்கெட்டுக்குப் பணம் முன்னதாகவே தேவைப்படும், அதற்கு எஃப்.டி. பணம்.

கட்டிய 25,000 பற்றி: ரத்து விதிகளை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருகிறோம் என்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு பைசா திரும்பாவிட்டாலும், 1.84 லட்சம் வட்டி கட்டுவதைவிட 25,000 நஷ்டம் சின்னது. இன்னொரு தவணை கட்டும் முன், இந்த வாரமே ரத்து செய்துவிடுங்கள்.