டிராக்குக்கு வீல், டயர்: பக்கச்சுவரைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஆக்டேவியா ஆர்எஸ். ஆன்லைனில் 18 இன்ச் அலாய் வாங்கி, கம்பெனி போல்ட்டுகளையே போட்டு மாட்டினேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இரண்டாவது செஷனில் ஸ்டீயரிங் உதறியது. இறங்கிப் பார்த்தால் மூன்று போல்ட் தளர்ந்திருந்தன. கடையில் பேலன்சிங் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார்கள். (கோவை)

பதில்: பேலன்சிங்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்தக் காரை இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி கார்களின் போல்ட் தலைக்கு அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றின் துளை 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்பில் உட்கார வைத்தால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) 120 நியூட்டன் மீட்டரில் கிளிக் கொடுத்துவிடும், நாமும் இறுகிவிட்டது என்று நம்புவோம். பிரேக் சூடேறி ஆறியதும் அந்த வளையத்தில் அலுமினியம் நசுங்கி, போல்ட்டின் பிடி போய்விடும்.

கூம்புத் தலை போல்ட் வாங்குங்கள். புரி (திருகு மரை) எம்14×1.5. நீளம் சரியா என்று கையால் திருகிப் பாருங்கள்: குறைந்தது 8 சுற்று உள்ளே போக வேண்டும். அதே சமயம் உள்முனை எதிலும் இடிக்கக் கூடாது. வீலின் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் அந்த வீல் பழைய இரும்புக் கடைக்குத்தான். நடுத்துளையையும் அளந்துவிடுங்கள். உங்கள் ஹப் (காரில் வீல் உட்காரும் நடுமுனை) 57.1 மில்லிமீட்டர். வீலின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் அலுமினிய வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக் வளையம் டிராக் சூட்டில் உருகும். முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் மறுபடி டார்க் பாருங்கள்.

இதில் உங்கள் தப்பு குறைவு. வீல் விற்றவர் எந்த போல்ட் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: 18-ஐக் கழற்றிவிட்டு 20 இன்ச் போட்டால் டிராக்கில் நேரம் குறையுமா? (சேலம்)

பதில்: குறையாது. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடம் கொடுத்தால் 17-க்கு இறங்குங்கள்.

கேள்வி: ஒரு கடையில் "ஃபிரெஷ் இம்போர்ட்" என்று நான்கு செமி-ஸ்லிக் (டிராக்குக்கான, வெட்டுகள் குறைந்த) டயர் விற்றார்கள். மாட்டிப் பத்து ரவுண்டு போவதற்குள் வழுக்க ஆரம்பித்துவிட்டது, ஓரத்தில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்கிறது. நண்பர் பார்த்து டயரில் 1518 என்று இருப்பதாகச் சொன்னார். மாட்டிய டயரை மாற்ற முடியாது என்கிறது கடை. (சென்னை)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 1518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம், அதாவது ஏப்ரல். அதை ஃபிரெஷ் என்று விற்பது பொய்.

இந்தத் தேதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாரந்தவறாமல் இதே கடிதம் வருகிறது. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் தயாரிப்புத் தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பல டயர்களில் தேதியோடு கூடிய முழு வரிசை ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் போய்விட்டால், பிறகு காரை ஜாக்கியில் தூக்கித்தான் படிக்க முடியும். ஆகவே டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பே, நான்கையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நான்கில் மூன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் வருவதுண்டு. நானே ஒருமுறை முதல் டயரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்து, மூன்று பழைய டயரோடு வீடு வந்தேன்.

சாதாரண ரோடு டயருக்கு இரண்டு வருடம் பெரிய கேடில்லை. செமி-ஸ்லிக் அப்படியில்லை. அதன் பிடி முழுவதும் மென்மையான ரப்பர் கலவையில்தான் இருக்கிறது. கிடங்கின் வெக்கையில் அதிலுள்ள எண்ணெய்ப் பசை மெல்ல வெளியேறி, ரப்பர் இறுகிவிடும். மேலே பாலிஷ் அடித்தால் பளபளவென்று புதிதுபோல் தெரியும். டிராக்கில் இறுகிய ரப்பர் தரையைப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்க வழுக்க மேற்பரப்பு கொதித்து, கட்டை கட்டையாகப் பிய்யும். உங்களுக்கு நடந்தது இதுதான். வாங்கும்போது கட்டைவிரல் நகத்தை ட்ரெட்டில் (தரையைத் தொடும் பரப்பில்) அழுத்திப் பாருங்கள். நல்ல செமி-ஸ்லிக்கில் தடம் பதியும்.

இன்னொன்று. 2020 ஜூனிலிருந்து இந்தியாவுக்குள் புது டயர் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பக்கச்சுவரில் அந்த முத்திரை இல்லாத டயரை "இம்போர்ட்" என்று நீட்டினால், அது எப்படி உள்ளே வந்தது என்று கேளுங்கள். பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பில் இல்லையென்றால் நீங்கள் வாங்கியதற்கே சாட்சி இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: நான்கு டயரின் தேதி எண்களையும், பிய்ந்த இடங்களையும், பில்லையும் படமெடுங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருடம். "மாட்டிய டயர்" என்ற சாக்குக்குப் பயப்படாதீர்கள். தேதியை மறைத்து விற்றது மாட்டுவதற்கு முன்பே நடந்த தவறு.

கேள்வி: அலாய் வீலில் கீறல் விட்டது. வெல்டிங் வைத்தால் டிராக்கில் ஓட்டலாமா? (மதுரை)

பதில்: கூடாது. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள உலோகத்தின் பலம் போய்விடும். அடுத்த கீறல் அதற்குப் பக்கத்திலேயே வரும்.

கேள்வி: டொயோட்டா ஜிஆர்86, செப்பாங் டிராக்கில் மாதம் ஒருமுறை. வேலைக்கும் இதே கார்தான். கம்பெனி டயர் அளவு 215/40 ஆர்18. 17 இன்ச் 8.5 ஜே, ஆஃப்செட் 45 வீல் கிடைக்கிறது. எந்த டயர்? ட்ரெட்வேர் 200-ஆ 300-ஆ? (கிள்ளான்)

பதில்: வாங்குவதற்கு முன் கேட்டதற்கு நன்றி. முதலில் கணக்கு. ஜே என்பது இன்ச்சில் ரிம்மின் அகலம்; ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள மில்லிமீட்டர். கம்பெனி வீல் 7.5 ஜே, ஆஃப்செட் 48. புது வீல் ஒரு இன்ச் கூடுதல் அகலம், பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஆஃப்செட் 3 குறைவதால் வெளிப்பக்கம் 15.7 மில்லிமீட்டர் தள்ளும், உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நோக்கி 9.7 நெருங்கும். டயரை ஏற்றிய பிறகு உள்ளே 5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். இவையும் பொருந்த வேண்டும்: பிசிடி (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×100, நடுத்துளை 56.1, நட் புரி எம்12×1.25.

டயர் 245/40 ஆர்17. மொத்த விட்டம் சுமார் 628 மில்லிமீட்டர், கம்பெனி அளவு 629. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. முன்சக்கரங்களுக்கு 2 டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) வைக்காவிட்டால் வெளித்தோள் மட்டும் தேய்ந்து டயர் பாதியிலேயே போய்விடும்.

200, 300 என்பவை தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் தேய்மான எண்கள்; எண் குறைந்தால் சீக்கிரம் தேயும். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், வேறு கம்பெனியோடு ஒப்பிட உதவாது. உங்களுக்கு என் தீர்ப்பு 300 பக்கம்தான். செப்பாங்கின் பின்மதிய மழையும், வேலை முடிந்து வரும் நெடுஞ்சாலைத் தண்ணீரும் 200 போன்ற செமி-ஸ்லிக்குக்கு ஆகாது. இரண்டாவது செட் வீல் வாங்க வசதி வந்ததும் 200-க்குப் போங்கள்.

கேள்வி: டிராக்கில் நைட்ரஜன்தான் அடிக்க வேண்டுமாமே? (திருச்சி)

பதில்: காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தொல்லை தருவது காற்றிலுள்ள ஈரம். காற்றழுத்த அளவைக் கவனியுங்கள்: குளிர்ந்த நிலையில் 28 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார் நிறுத்துமிடம்) திரும்பியதும் சூடு ஆறுவதற்குள் அளந்து, நான்கையும் 34-35-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் இதையே செய்யுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் திரும்ப ஏற்றுங்கள். இறக்கியதை மறந்து நெடுஞ்சாலையில் போனால் குழியில் ரிம் வளையும்.

கேள்வி: விலை பாதிதான் என்று லோட் இண்டெக்ஸ் 84 டயர் வாங்கிவிட்டேன். கார் கேட்பது 91. டிராக்கில் நான் மட்டும்தானே உட்காருகிறேன்? (ஓசூர்)

பதில்: 84 என்றால் டயருக்கு 500 கிலோ, 91 என்றால் 615. வேகமான வளைவில் காரின் எடையில் பெரும் பகுதி ஒரே முன் டயரில் விழும். பக்கத்து சீட் காலியாக இருப்பது அங்கே உதவாது. எண் பக்கச்சுவரிலும் இருக்கிறது, காரின் கையேட்டிலும் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் வாங்கிவிட்டு அனுமதி கேட்டால் நான் தர முடியாது. திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: டிராக் டேயில் (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாளில்) வீல் உடைந்து கார் சுவரில் இடித்தால் இன்சூரன்ஸ் வருமா? (பெங்களூரு)

பதில்: பாலிசியில் "பயன்பாட்டு வரம்புகள்" பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. டிராக் டே பந்தயம் இல்லை என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி ஓட்டாதீர்கள். பழுது செலவு உங்கள் கையிலிருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் முன் வீலின் உள்பக்க விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள், கீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.