அந்தப் பதினைந்து நிமிடம்

கேள்வி: போன இதழில் அமெரிக்க செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித்தை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். 24 வருடம் செனட்டில் இருந்தும் அதிகம் பேசாதவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். பதவியும் கணவர் இறந்ததால் கிடைத்தது. கடைசியில் சொந்த மாநிலமே தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1950-ல் சக செனட்டர் மெக்கார்த்தியை எதிர்த்துப் பேசிய ஒரே ஒரு பேச்சுக்காக ஒருவரை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்தக் ‘கணவர் இறந்ததால் கிடைத்த பதவி’யைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதி உண்மையை வைத்து முழுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். 1940 ஏப்ரலில் கிளைட் ஸ்மித் இறந்ததும் காலியான கீழ்சபை இடத்துக்கு மனைவி போட்டியிட்டு வந்தார், அது சரி. அந்த இடத்தை அடுத்தடுத்த தேர்தல்களில் தக்கவைத்துக்கொண்டதும் அவர்தான், அதையும் கணவர் கணக்கில் எழுதுவீர்களா? 1948-ல் செனட்டுக்குப் போட்டியிட்டபோது குடியரசுக் கட்சியின் உள்தேர்தலில் எதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? அவருடைய சொந்த மாநிலமான மெய்னின் அப்போதைய கவர்னர், முன்னாள் கவர்னர் ஒருவர், ஒரு பாதிரியார். ஆண் கிடைக்கும்போது வாஷிங்டனுக்கு எதற்குப் பெண்ணை அனுப்ப வேண்டும் என்று அந்தப் பாதிரியாரின் மனைவியே கேட்டார். பிரசாரத்தின் நடுவே பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு அன்று மாலையே அடுத்த கூட்டத்துக்குப் போனவர் இந்த அம்மாள். முடிவு வந்தபோது மூன்று பேர் ஓட்டையும் கூட்டினாலும் இவர் வாங்கியது அதிகம். அமெரிக்காவின் இரண்டு சபைகளிலும் இருந்த முதல் பெண் அவர்தான். தகப்பனார் ஸ்கௌஹீகன் என்ற சின்ன ஊரில் முடிதிருத்துபவர், இவரே இளவயதில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். வாரிசு அரசியல் என்று சொல்ல வந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

இப்போது பேச்சுக்கு வருவோம். 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டத்தில் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்று அறிவித்தார். ஸ்மித்தும் முதலில் நம்பினார், அதே கட்சிக்காரர்தானே. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று அவரிடமே கேட்டுப் பார்த்தார், காட்டிய நகல்களில் ஒன்றும் இல்லை. அதற்குள் மொத்த செனட்டும் பயத்தில் வாயை மூடிக்கொண்டது. ஆளும் ஜனநாயகக் கட்சி செனட்டர்களே அடக்கி வாசித்தார்கள், எதிர்த்துப் பேசினால் அடுத்த பட்டியலில் தன் பெயர் வரும். நீங்கள் சொல்லும் ‘அதிகம் பேசுகிறவர்கள்’ எல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

ஜூன் 1-ஆம் தேதி செனட்டுக்குப் போகும் வழியில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் ஓடும் குட்டி ரயிலில் மெக்கார்த்தியே எதிர்ப்பட்டாராம். “என்ன மார்கரெட், முகம் கடுகடு என்று இருக்கிறதே, பேசப் போகிறாயா?” “ஆமாம், உங்களுக்குப் பிடிக்காது.” அவர் சிரித்துக்கொண்டே, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் என் மாநிலம் விஸ்கான்சினின் 27 ஓட்டு என் கையில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். துணை ஜனாதிபதி பதவி ஆசை காட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஸ்மித் பின்னாளில் தானே எழுதியது.

பேச்சு மொத்தம் பதினைந்து நிமிடம். மெக்கார்த்தி இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கிறார், ஸ்மித் அவர் பெயரை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. விமர்சிக்கும் உரிமை, பிறருக்குப் பிடிக்காத நம்பிக்கையை வைத்திருக்கும் உரிமை, எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை, சுயமாகச் சிந்திக்கும் உரிமை, இதைப் பயன்படுத்துகிறவனைக் கம்யூனிஸ்ட் என்கிறோமே என்று கேட்டார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்னொரு இடம், மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம். செனட்டர் அல்லாத ஒரு சாதாரண அமெரிக்கனை இந்தச் சபைக்குள் நின்று நாம் எப்படி வேண்டுமானாலும் அவதூறு செய்யலாம், அவன் நம் மீது வழக்குப் போட முடியாது, அதே வார்த்தையைச் சக செனட்டரைப் பார்த்துச் சொன்னால் மட்டும் சபை விதியைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள், இது என்ன நியாயம் என்றார். தன் சபையின் சொகுசை அந்தச் சபையிலேயே நின்று போட்டு உடைப்பது லேசான காரியமா? அப்புறம் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ட்ரூமனின் அரசையும் விடவில்லை, அது தேசத்துக்குத் தலைமை தரத் தவறிவிட்டது என்றார். என் கட்சி ஜெயிக்க வேண்டும், ஆனால் பயம், அறியாமை, வெறுப்பு, சேற்றை வாரி வீசுதல் என்ற நாலு குதிரையில் ஏறி ஜெயிக்க வேண்டாம் என்றார்.

மெக்கார்த்தி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். பேச்சோடு வெளியிட்ட அறிக்கையில் ஸ்மித்தோடு கூடக் கையெழுத்துப் போட்ட ஆறு குடியரசுக் கட்சி செனட்டர்களையும் சேர்த்து, ஏழு குள்ளர்கள் வரும் குழந்தைக் கதையை வைத்து ‘ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்’ என்று அப்புறம் கிண்டலடித்தார். ஆறு பேரில் பலர் சத்தமில்லாமல் ஒதுங்கியும் கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் கொரியப் போர் வந்துவிட, பேச்சையே எல்லோரும் மறந்தார்கள். அடுத்த வருடம் விசாரணைத் துணைக்குழுவிலிருந்து ஸ்மித்தைத் தூக்கிவிட்டு, புதிதாக வந்த ஒரு செனட்டரை மெக்கார்த்தி அங்கே உட்கார வைத்தார். பெயர் ரிச்சர்ட் நிக்சன், பின்னாளில் ஜனாதிபதியானவர். 1954-ல் மெய்னிலேயே ஸ்மித்துக்கு எதிராக ஆள் நிறுத்திப் பார்த்தார்கள், ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் அடி வாங்கினார் அந்த ஆள். அதே டிசம்பரில் 67-22 என்று செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தபோது அந்த 67-ல் ஸ்மித்தும் ஒருவர். சபைக்குப் புத்தி வர நாலரை வருடம் பிடித்தது.

மற்றபடி அவர் பேசாமலிருந்தது சோம்பலால் அல்ல. 1955-லிருந்து 1968-ல் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் போகும்வரை தொடர்ந்து 2,941 வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூட விடாதவர். கடைசி நிமிடம் வரை எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று சொல்ல மாட்டார், அதனாலேயே இரண்டு பக்கமும் அவரை வெறுமனே கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. சட்டம் எதுவும் இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: பெண்கள் அமெரிக்க ராணுவத்தில் நிரந்தரமாகச் சேர வழி செய்த 1948 சட்டம். பெண்களைத் தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் ரிசர்வ் படையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கீழ்சபைக் குழு ஒதுக்கியபோது எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு இவருடையது. ராணுவத்துக்குப் பெண்கள் நிரந்தரமாகத் தேவையா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். செனட்டுக்குப் போவதற்கு முந்தைய வேலை இது, உங்கள் 24 வருடக் கணக்கில் வராது.

புனிதராக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அணுகுண்டைப் பயன்படுத்தும் மன உறுதி உங்களுக்கு இல்லை என்று 1961-ல் ஜனாதிபதி கென்னடியைக் குத்திக் காட்டியவர், பெண் உருவில் வந்த சாத்தான் என்று சோவியத் தலைவர் குருஷேவ் திட்டும் அளவுக்கு. வியட்நாம் போரையும் ஆதரித்தார். அதில் எனக்கு உடன்பாடே இல்லை.

1964-ல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கப் போனார், வந்த நன்கொடையைத் திருப்பி அனுப்பிக்கொண்டு, செனட் வாக்கெடுப்புகளை விடாமல், மிச்ச நேரத்தில் பிரசாரம். ஒரு பெரிய கட்சியின் மாநாட்டில் ஒரு பெண்ணின் பெயர் முறைப்படி முன்மொழியப்பட்டது அதுதான் முதல் தடவை. கிடைத்தது 27 ஓட்டு. மெக்கார்த்தி ரயிலில் காட்டிய அதே எண்ணிக்கை, தற்செயல்தான், ஆனால் இந்த 27 அவருக்கு யாரும் ஆசை காட்டிக் கொடுத்ததல்ல.

தோல்விக்கு வருகிறேன். 1972-ல் அவருக்கு வயது 74, உடம்பு ஒத்துழைக்கவில்லை, சொந்த மாநிலத்தில் ஒரு அலுவலகம்கூட வைத்துக்கொள்ளவில்லை, ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதும் குறைந்துவிட்டது. எதிராளி ஹாத்வே வீடு வீடாகப் போனார், ஜெயித்தார். மெய்ன்காரர்கள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, முதல் பேச்சின் இருபதாவது ஆண்டு நாளன்று, அதே சபையில் எழுந்து கல்லூரிகளில் குண்டு வைக்கிற இளைஞர்களையும், அதைச் சாக்காக வைத்து ஜனங்களைப் பிளக்கிற தன் கட்சி அரசாங்கத்தையும் ஒரே மூச்சில் கண்டித்தார். அராஜகமா அடக்குமுறையா என்ற நிலைமை வந்தால் ஜனங்கள் மனசில்லாமலாவது அடக்குமுறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று எச்சரித்தார். ஆக, உங்கள் ‘ஒரே ஒரு பேச்சு’ இரண்டாகிவிட்டது.