பதக்கத்தின் விளிம்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மம்மாவின் அந்தியேட்டி வருகிறது. நினைவு மலருக்குப் பழைய படங்கள் தேடும்போது அவவின் றங்குப்பெட்டிக்குள், பிஸ்கற் தகரமொன்றில், வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்தது. அவவின் தகப்பனாருடையதாம். ஒரு பக்கம் தாடி வைத்த ராசா, சீருடையோடு. மறுபக்கம் இலை வளையத்துக்குள் ‘ஃபோர் மெரிட்டோரியஸ் சேர்விஸ்’ என்ற ஆங்கில வாசகம். சிவப்பு றிபனில் மூன்று வெள்ளைக் கோடுகள். விளிம்பில் ஓர் இலக்கம், ‘எஸ். எஸ்.ஜே.டி.’, பூட்டனாரின் பெயர், ‘ஆர்.ஈ.’ என்று இருக்கிறது. “முதலாம் உலகப்போரில் ஒபிசராக நின்று வீரப்பதக்கம் எடுத்தவர்” என்று மலரில் போடச் சொல்கிறார் மாமா. கனடாவில் இருக்கும் மச்சானோ, இது அங்கேயும் அமெரிக்காவிலும் இப்பவும் கொடுக்கிற பதக்கம்தான் என்கிறான். எது சரி? கறுத்துப்போய் இருக்கிறது, புளி போட்டு மினுக்கிப் படம் எடுக்கலாமா?

த., கோண்டாவில்

அன்புள்ள த.,

முதலில் புளியைக் குசினியிலேயே வையுங்கள். சாம்பலும் பிறாசோவும் வேண்டாம். அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படை. தேய்த்தால் அதனோடு வெள்ளியும் போகும். முதலில் ராசாவின் கன்னம் மழுங்கும், அடுத்து விளிம்பின் எழுத்து. உங்கள் கையில் இருப்பதில் பெறுமதியானது அந்த எழுத்துத்தான். றிபனைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்சவர்க்காரம் கலந்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். அது போதும். றிபன் இத்துப்போயிருந்தாலும் எறியவேண்டாம்.

பின்பக்க வாசகத்தின்படி இது ‘மெரிட்டோரியஸ் சேர்விஸ் மெடல்’, அதாவது சிறந்த சேவைக்கான பதக்கம். இதை நான்கு இடத்தில் வாசிக்கவேண்டும். கிரீடமின்றி, ஃபீல்ட் மார்ஷல் சீருடையில் இருப்பவர் ஐந்தாம் ஜோர்ஜ். பின்பக்க வாசகம் லோறல் இலை வளையத்துக்குள், மேலே கிரீடத்தோடு இருந்தால் அது பிரித்தானியப் படையின் பதக்கம். நடுவில் ‘இந்தியா’ என்ற சொல்லும் சுற்றிவரத் தாமரையும் இருந்தால், 1888இல் இந்தியப் படையின் ஹவில்தார், தபேதார் (சார்ஜன்ற் போன்ற) தரத்தவர்களுக்கென ஏற்படுத்திய இந்தியப் பதக்கம். அது வேறு. றிபன் 1916 வரை வெறும் கருஞ்சிவப்பு. பிறகு ஓரங்களில் வெள்ளை வந்தது. நடுக்கோடு வந்தது 1917 ஓகஸ்டில். ஆனால் றிபனைப் பின்னாளிலும் மாற்றியிருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள்.

நாலாவது விளிம்பு. ‘எஸ்.ஜே.டி.’ என்பது சார்ஜன்ற். அந்தக்காலத்தில் ‘ஜே’ போட்டுத்தான் எழுதினார்கள். முன்னால் நிற்கும் ‘எஸ்.’ ஸ்ராஃப். ‘ஆர்.ஈ.’ றோயல் எஞ்சினியர்ஸ், பிரித்தானியத் தரைப்படையின் பொறியியல் பிரிவு. ஆகவே பூட்டனார் ஒபிசர் அல்ல, ஸ்ராஃப் சார்ஜன்ற். மாமாவுக்கு இது குறைவாகப் படலாம். ஒபிசர் கட்டளையில் கையெழுத்து வைப்பார். ஆளைக் கணக்கெடுப்பதும், களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பதும், புதிதாக வந்த பெடியளைப் பழக்குவதும், கட்டளை தரையில் நடந்ததா என்று பார்ப்பதும் சார்ஜன்ற்மாரின் வேலை. 1845 டிசம்பரில் விக்ரோறியா மகாராணி இந்தப் பதக்கத்தை ஏற்படுத்தியதே அவர்களுக்காகத்தான். ஒபிசர்மாருக்கு இது கிடையாது. கூடவே ஆண்டுக்கு 20 பவுணுக்கு மேற்படாத உதவிப்பணமும் உண்டு. அதற்கு ஒதுக்கிய தொகை மட்டுப்பட்டது என்பதால், தகுதி இருந்தும் பலர் காத்திருந்தார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கச் சொன்ன நம் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

‘வீரம்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். களத்து வீரத்துக்கு அந்தத் தரத்தவர்களுக்கு வேறு பதக்கங்கள் இருந்தன: 1854 முதல் டி.சி.எம். (சிறப்பு நடத்தைப் பதக்கம்), 1916 முதல் எம்.எம். (இராணுவப் பதக்கம்). உங்களுடையது சேவைக்கானது. 1916 ஒக்ரோபரிலிருந்து 1928 வரை இதை உடனடியாகவும், உதவிப்பணம் இல்லாமல், கொடுத்தார்கள். பெரும்பாலும் போர்க்காலத்துச் சிறந்த பணிக்கு; மிகச் சிலருக்கு மட்டும் எதிரி முன்னில்லாத இடத்தில் காட்டிய துணிவுக்கு. எந்த வகை என்பதை, பிரித்தானிய அரச வர்த்தமானியான லண்டன் கசற்றில் பெயர்ப்பட்டியலின் தலைப்புச் சொல்லும். அந்தத் தலைப்பில் துணிவு என்று இருந்தால் மாமா சொன்ன ‘வீரம்’ என்ற சொல்லை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

கசற்றை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை நம்பித் தேடினால் மினக்கெடுவீர்கள். ஒரு ‘கந்தையா’வையே கே-யிலும் சீ-யிலும் தொடங்கி நாலு விதமாக எழுதியிருப்பார்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியும் இருப்பார்கள். இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 372 என்ற தொகுதியில் பதக்க அட்டைகள் இருக்கின்றன. சேவைக் கோப்பு கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில், முதலாம் போர்க்காலச் சிப்பாய்களின் கோப்புகளில் ஏறக்குறைய 60 வீதம் எரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரித்தானியப் பிரிவொன்றில் யாழ்ப்பாணப் பெயர் அரிது. நடக்காதது அல்ல, ஆனாலும் சரிபார்க்கவேண்டும். பழைய பெயரை அராவிவிட்டுப் புதுப்பெயர் வெட்டிய பதக்கங்கள் சந்தையில் உண்டு. வேர்ணியர் கலிப்பரால் விட்டத்தை மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும், இரண்டு குறுக்காகவும் அளவுங்கள். எங்கும் 36 மில்லிமீற்றரை ஒட்டியே வரவேண்டும். எழுத்துள்ள பக்கம் மட்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்து அச்சால் குத்தியதா, ஊசியால் கீறியதா என்பதைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். தகரத்தில் வேறு பதக்கங்கள் இருக்கின்றனவா? முதலாம் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த போர்ப்பதக்கமும் வெற்றிப்பதக்கமும் அதே இலக்கத்தோடு கிடந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் நிறுத்துப் பார்க்கக் கொடுக்கவேண்டாம், உரைத்துத்தான் பார்ப்பார்கள்.

மச்சான் சொன்னது பெயரளவில் சரி. அமெரிக்கப் பதக்கம் 1969 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சனின் கட்டளையால் வந்தது. ஒபிசர்மாருக்கும் உண்டு, முதுநிலை சார்ஜன்ற்மாருக்கும் உண்டு. கனடாவில் இதே பெயரில் சிலுவை 1984இலும், பதக்கம் 1991இலும் வந்தன. குடிமக்களுக்கும் தனிப்பிரிவு உண்டு. பூட்டனார் காலத்தில் இவை ஒன்றும் இல்லை.

சுத்தம் செய்தபின் பிளாஸ்ரிக் அல்பத்தில் செருகாதீர்கள், பச்சை பிடிக்கும். இறப்பர் வளையமும் கம்பளித் துணியும் கந்தகம் விடும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஒரு சிலிக்கா பொதியோடு வையுங்கள்.

மலரில் இப்படிப் போடலாம்: “றோயல் எஞ்சினியர்ஸ் பிரிவில் ஸ்ராஃப் சார்ஜன்றாகப் பணியாற்றி, ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் சிறந்த சேவைக்கான பதக்கம் பெற்றவர்.” பக்கத்தில் விளிம்பின் படம் இருக்கட்டும். அச்சகத்தில் இலக்கத்தை ஒருதரம் உரக்க வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.