டேஷ்போர்டில் வெள்ளைத் திட்டு: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் இருக்கிறேன். என் காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய ஒரு கடையில் 2,500 ரூபாய் கொடுத்தேன். மறுநாளே டேஷ்போர்டில் வெள்ளைத் திட்டுகள். தொடுதிரையின் மேல்பூச்சும் உரிகிறது. "கம்பெனி பொறுப்பல்லன்னு போர்டு இருக்கே" என்கிறார் கடைக்காரர். பாலிஷ் போட்டு மறைக்கலாமா, வழக்குப் போடலாமா?

பதில்: பாலிஷ் போடவே வேண்டாம். திட்டு மறைந்தால் சாட்சியமும் மறைந்துவிடும். இப்போதைக்குத் துடைக்க, நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

"சித்திரை வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள்" என்பார்கள். வெயிலில் வெளுத்தால் கண்ணாடி ஓரமாகப் பரவலாக வெளுக்கும். ரசாயனத் திட்டு, திரவம் வழிந்த கோட்டிலும் துடைத்த தடத்திலும் நிற்கும். காலை வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள்.

வழக்கின் உயிர் பாட்டிலில்தான். எதைத் தெளித்தார்கள் என்று கேட்டு லேபிளைப் படமெடுங்கள். பத்துப் பங்கு தண்ணீர் கலக்கச் சொல்லும் காரத் திரவத்தை அப்படியே அடித்திருந்தாலோ, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் திரையைத் துடைத்திருந்தாலோ, அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு. லேபிளிலேயே போதிய எச்சரிக்கை இல்லையென்றால் பிரிவு 84-ன்படி தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

போர்டு பற்றிக் கவலை வேண்டாம். சுவரில் எழுதி வைத்துவிட்டுக் கவனக்குறைவிலிருந்து நழுவ முடியாது. பில் கொடுக்க மறுத்திருந்தால் அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிபே ரசீதை எடுத்து வையுங்கள்.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேதத்துக்கான காரணத்தையும் மாற்றும் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பாதிப் பேர் இதிலேயே இறங்கி வருவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம்.

அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் மனு போடலாம். மனுக் கட்டணம், கடைக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலே 15 நாள்தான் நீட்டிப்பு.

மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்காதீர்கள். மதிப்பீட்டுத் தொகை, கொடுத்த 2,500, வழக்குச் செலவு, அதற்கு மேல் நியாயமான ஒரு தொகை. ஊதிப் பெருக்கிய மனுவில் உண்மையான சேதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.