பென்டா ஊசி போட்ட இரவில் காய்ச்சல்: செத்த கிருமி உடலைச் சூடாக்குவது எப்படி?

வாசகி ஒருவரின் கேள்வி: "என் மகளுக்கு ஆறாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டாவேலன்ட் ஊசி போட்டோம். அன்று இரவே 101 டிகிரி காய்ச்சல். ஊசி போட்ட தொடை வீங்கி, தொட்டாலே அழுதாள். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. செத்த கிருமியைத்தானே போடுகிறார்கள், பிறகு ஏன் காய்ச்சல்? அடுத்த டோஸுக்குப் போகும் முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா? என் நாத்தனார் தனியார் மருத்துவமனையில் 'வலியில்லாத ஊசி' போடச் சொல்கிறார். மூத்தவனுக்கு இதே ஊசியில் காய்ச்சலே வரவில்லை. அப்படியென்றால் அவனுக்கு ஊசி வேலை செய்யவில்லையா?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்து, குழந்தை அவதிப்பட்டால் கொடுங்கள். இந்தக் காய்ச்சல் ஒன்றுக்காக ஊசியை மாற்றத் தேவையில்லை. மூத்தவனுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று நினைக்கவும் காரணமில்லை. இனி காரணங்களுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் தெரிந்தால் அடுத்த முறை இரவு பத்து மணிக்கு தெர்மாமீட்டரைப் பார்க்கும்போது இவ்வளவு பயம் இருக்காது.

பென்டாவில் ஐந்து நோய்களுக்கான தடுப்பூசிகள் சேர்ந்திருக்கின்றன: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, அப்புறம் ஹிப் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. இந்த ஐந்தில் நான்கு, சுத்திகரித்து எடுத்த புரதங்களோ சர்க்கரைப் பொருட்களோதான். கக்குவான் இருமல் பகுதி மட்டும் அப்படியில்லை. அது முழு பாக்டீரியா. கொன்று, செயலிழக்க வைத்து, முழுதாகவே ஊசியில் சேர்க்கிறார்கள். உங்கள் மகளின் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கொல்லப்பட்ட பாக்டீரியா பெருகாது, நோயைத் தராது. ஆனால் அதன் வெளிச்சுவர் அங்கேயே இருக்கிறது. அந்தச் சுவரில் எண்டோடாக்ஸின் என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் பதிந்திருக்கிறது. நம் தசையிலும் தோலிலும் காத்திருக்கும் சில வெள்ளணுக்களின் மேற்பரப்பில், இந்தப் பொருளைக் கண்டுகொள்ளவே அமைந்த ஓர் ஏற்பி உண்டு. டிஎல்ஆர்-4 என்று பெயர். எண்டோடாக்ஸின் வந்து அதில் சேர்ந்ததும் அணுவுக்குள், அதாவது செல்லுக்குள், சங்கிலியாகச் சில மாற்றங்கள் நடந்து, சில மணி நேரத்தில் அபாய அறிவிப்பு கிளம்பிவிடும். பாக்டீரியா உயிரோடிருக்கிறதா இல்லையா என்பது அந்த ஏற்பிக்குத் தெரியாது. அது பார்ப்பது சுவரை மட்டும்தான்.

நோயெதிர்ப்பு என்றதும் பலருக்கும் ஆன்டிபாடிதான் நினைவுக்கு வருகிறது. கொரோனா காலத்தில் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு பழகிவிட்டது. ஆனால் ஆன்டிபாடி உருவாக வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் வேலை செய்வது நாம் பிறக்கும்போதே கொண்டுவரும் எதிர்ப்பு. அதன் ஏற்பிகள் மரபணுவில் எழுதப்பட்டே வருகின்றன, எண்ணிக்கையில் கொஞ்சம்தான். டிஎல்ஆர் என்று சுருக்கிச் சொல்லும் டோல் வகை ஏற்பிகள் மனிதர்களுக்குப் பத்துதான். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ஏற்பி கிடையாது. பல கிருமிகளுக்குப் பொதுவாக உள்ள, நம் அணுக்களில் இல்லாத அல்லது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிற அடையாளங்களைத்தான் அவை பிடிக்கின்றன. பாலை முகர்ந்து பார்த்ததுமே கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறோம், எந்தக் கிருமி கெடுத்தது என்று தெரிய வேண்டியதில்லை அல்லவா, அதுபோலத்தான். டிஎல்ஆர்-5 பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையைப் பிடிக்கும். டிஎல்ஆர்-3, 7, 8 ஆகியவை வைரஸ்களின் ஆர்என்ஏவைப் பிடிக்கும். டிஎல்ஆர்-9 பாக்டீரியாவின் டிஎன்ஏவைப் பிடிக்கும். இவை போக, அணுவின் உட்பகுதியில் நோட், ரிக் போன்ற வேறு குடும்பங்களும் இருக்கின்றன.

உங்கள் கேள்வியின் மறுபக்கத்தை 1989இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜேன்வே என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளர் கேட்டார். செத்த கிருமிக்கு உடல் ஏன் இவ்வளவு பதறுகிறது என்கிறீர்கள் நீங்கள். சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் உடல் ஏன் கண்டுகொள்வதே இல்லை என்றார் அவர். ஆய்வகங்களில் புரதத்தோடு கொஞ்சம் செத்த பாக்டீரியாவையோ அலுமினிய உப்பையோ கலந்தால்தான் எதிர்ப்பு உருவானது. எல்லோரும் கலந்தார்கள், ஏன் என்று அதிகம் பேசவில்லை. 'இது கிருமி' என்று முதலில் சொல்லும் பிறவி ஏற்பிகள் இருக்க வேண்டும், அவை சொல்லாமல் ஆன்டிபாடி உருவாக்கும் அணுக்கள் எழாது என்று ஜேன்வே ஊகித்தார். அப்போது கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

ஆதாரம் பழ ஈயிலிருந்து வந்தது. 1996இல் பிரான்ஸில் ழூல் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் செத்துப்போவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் மனிதர்களிடம் அதன் உறவுக்கார மரபணு இருப்பதைக் கண்டார்கள். எண்டோடாக்ஸின் எவ்வளவு போட்டாலும் அசையாத ஒரு எலி வகை இருந்தது. அதில் பழுதாகியிருந்தது டிஎல்ஆர்-4 மரபணு என்று 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேன்வே 2003லேயே காலமாகிவிட்டார். இந்தத் துறையில் இருக்கும் எங்களுக்கு அது இன்றும் உறுத்துகிறது.

சரி, உங்கள் மகளின் தொடைக்கு வருவோம். ஊசி இறங்கியதும் அங்குள்ள அணுக்களின் ஏற்பிகள் பாக்டீரியாவின் சுவரைக் கண்டுகொள்கின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. நீங்கள் பார்த்த வீக்கமும் சூடும் இதுதான். டென்ட்ரிடிக் என்ற வகை அணுக்கள் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு இடுப்பு மடிப்பில் உள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே எதிர்ப்பை வழிநடத்தும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களுக்கு அந்தத் துண்டுகளைக் காட்டுகின்றன. துண்டைக் காட்டினால் மட்டும் போதாது. 'இது ஆபத்தானது' என்ற இரண்டாவது குறிப்பும் சேர வேண்டும். பிறவி ஏற்பி தூண்டப்பட்ட டென்ட்ரிடிக் அணுவால்தான் அந்தக் குறிப்பைச் சரியாகக் கொடுக்க முடியும். குறிப்பு வராவிட்டால் டி அணு அடங்கியே போய்விடும்.

இந்த வேலை நடக்கும்போது வெளியாகும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற பொருட்களில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்குத் தகவல் கொண்டுபோகிறது. மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்க, வெப்ப அளவு மேலே ஏற்றி வைக்கப்படுகிறது. அதுதான் காய்ச்சல். பாராசிட்டமால் குறைப்பது அந்தப் புரோஸ்டாகிளாண்டினை.

மூத்தவனைப் பற்றிய பதிலும் இதிலேயே இருக்கிறது. முக்கியமான வேலை நடப்பது தொடையிலும் நிணநீர்க் கணுவிலும். ரத்தத்துக்கு எவ்வளவு கசிந்தது, மூளை எவ்வளவு கேட்டது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். பென்டாவில் இருப்பதுபோல் கிருமியை முழுதாகச் சேர்த்த 'முழு அணு' கக்குவான் ஊசியில் காய்ச்சல், வீக்கம், சிணுங்கல் எல்லாம் இரண்டிலிருந்து பத்து ஊசிக்கு ஒன்று என்ற அளவில் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது காய்ச்சல் வருவதும் சகஜம், வராததும் சகஜம். எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று அளக்கக் காய்ச்சல் உதவாது.

இந்த ஏற்பிகள் சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐராக்-4 அல்லது மைடி88 என்ற மரபணுவில் பழுதோடு, மிக அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். டோல் வகை ஏற்பிகள் பெரும்பாலானவற்றின் தகவல் அணுவுக்குள்ளேயே நின்றுவிடும். நிமோகாக்கஸ் போன்ற சாதாரண பாக்டீரியாக்கள் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகின்றன. அவ்வளவு கடுமையான தொற்றிலும் ஆரம்பத்தில் காய்ச்சல் லேசாகவோ தாமதமாகவோதான் வரும். மருத்துவர்களையே ஏமாற்றிவிடும். இவர்களுக்கு அபாயம் மிக அதிகமாக இருப்பது முதல் சில வருடங்களில்தான். வளர வளரக் குறைகிறது. பச்சிளம் வயதில் உடல் இந்தப் பிறவி ஏற்பிகளை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகளுக்கு அந்தக் குறை இருக்குமோ என்று தேட வேண்டாம், அவளுடைய ஏற்பிகள் வேலை செய்வதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

இப்போது 'வலியில்லாத ஊசி'. ஊசி எல்லாமே வலிக்கும். இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ, பெற்றோர்களைத் தேவையில்லாமல் குற்றவுணர்வில் தள்ளுகிறது. அதில் கக்குவான் கிருமி முழுதாக இல்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை சுத்திகரித்த புரதங்கள் மட்டும் அலுமினிய உப்போடு சேர்ந்திருக்கும். எண்டோடாக்ஸின் நீக்கப்பட்டிருப்பதால் டிஎல்ஆர்-4 அவ்வளவாகத் தூண்டப்படாது. காய்ச்சலும் வீக்கமும் குறைவு. இது உண்மை, நல்ல விஷயமும்கூட.

ஆனால் அந்தத் தூண்டுதல் குறைந்ததற்கு ஒரு விலை உண்டு. முழு அணு ஊசி எழுப்பும் டி அணுக்களும், சுத்திகரித்த ஊசி எழுப்பும் டி அணுக்களும் ஒரே வகை அல்ல. பின்னதில் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. அமெரிக்கா 1990களில் சுத்திகரித்த ஊசிக்கு மாறியது. 2010இல் கலிஃபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவி 9,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 10 பச்சிளம் குழந்தைகள் இறந்தார்கள். ஐந்தாவது டோஸுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 42 சதவீதம் கூடுவதாக அங்கே நடந்த ஆய்வு 2012இல் சொன்னது. பபூன் குரங்குகளில் செய்த ஒரு சோதனையில், சுத்திகரித்த ஊசி போட்ட குரங்குகள் நோயில்லாமல் இருந்தன. ஆனால் கிருமியைச் சுமந்து மற்ற குரங்குகளுக்குப் பரப்பின. இதையெல்லாம் பார்த்துத்தான், முழு அணு ஊசி பயன்படுத்தும் நாடுகள் முதல் மூன்று டோஸ்களுக்கு அதையே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

நாத்தனார் சொல்லும் ஊசி மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் போடுகிறார்கள். முந்தைய டோஸில் வலிப்பு போன்ற கடுமையான விளைவு வந்திருந்தால் மருத்துவரே அதைப் பரிந்துரைக்கலாம். எந்த ஊசியும் போடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு இரவுக் காய்ச்சலுக்காகச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்து மாற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது மட்டமானது என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பாராசிட்டமாலை முன்பே கொடுப்பது பற்றி 2009இல் செக் குடியரசில் 459 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஊசி போட்ட முதல் 24 மணி நேரத்தில், காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பாதிக் குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். காய்ச்சல் 66 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தது. கூடவே பல தடுப்பூசிகளுக்கான ஆன்டிபாடி அளவும் குறைந்தது. பெரும்பாலான குழந்தைகள் பாதுகாப்பு அளவைத் தாண்டிவிட்டார்கள் என்பதால் யாரும் பதற வேண்டியதில்லை. ஆனாலும் வராத காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து இதை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆய்வில் போட்டது சுத்திகரித்த வகை ஊசிதான், நிமோகாக்கஸ் ஊசியும் சேர்ந்து. 'வலியில்லாத' ஊசியிலும் காய்ச்சல் வரும். பிரிட்டனில் மெனிஞ்சோகாக்கஸ் பி ஊசிக்கு மட்டும் முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் காய்ச்சல் மிக அதிகம், ஆன்டிபாடி குறையவில்லை என்று தனியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த விதி பென்டாவுக்குப் பொருந்தாது.

காய்ச்சல் வந்தபின் கொடுக்கும்போது அளவுதான் முக்கியம். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 முதல் 250 வரை மாறும். சிரப் அளவை நினைத்துச் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் பல மடங்கு அதிகமாகிவிடும். ஆகவே ஊசி போடும் அன்றே எடை பார்க்கச் சொல்லி, எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கையால் உடைத்து உத்தேசமாகக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள், துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள். வீங்கிய இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி போதும். தேய்க்கவோ தைலம் போடவோ வேண்டாம். சிறு கட்டி சில வாரம் இருந்து தானாகக் கரையும்.

எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதுதான் எனக்கு மிக முக்கியம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துப் புதிதாகத் தொடங்கினாலோ பென்டாவின் மேல் பழி போடாதீர்கள், அது வேறு தொற்றாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் எந்தக் காய்ச்சலும் சாதாரணம் அல்ல. ஊசிக்கு அடுத்த இரண்டு நாள் மட்டும், அதுவும் குழந்தை நன்றாகப் பால் குடித்து, எழுப்பினால் முழித்துப் பார்த்தால், வீட்டிலேயே கவனிக்கலாம். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு வெளுத்துப் போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வீறிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ எந்த நேரமாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த டோஸ் பத்தாவது வாரத்தில். முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள், காய்ச்சல் தொடங்கும்போது வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள். போன முறை 101 டிகிரி வந்ததையும் தொடை வீங்கியதையும் ஊசி போடும் முன் செவிலியரிடம் சொல்லி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். சளி, லேசான இருமல் இருந்தாலும் போடலாம். ஏதோ காரணத்தால் ஒரு வாரம் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.