அடி வாங்கவும் பயிற்சியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸ் பற்றிய உங்கள் குறிப்பில், ‘இவரைப் பழக்கியவர் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் போதகர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். யாராவது அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? இதில் பழக்குவதற்கு என்ன இருக்கிறது? பயந்தவனும் அதைத்தானே செய்கிறான்? இரண்டாவது, நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். வம்பு வழக்கு என்றால் போதகர்கள் ஒதுங்கிக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் போதகர்கள் போராட்டம் நடத்தினார்கள் என்பது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. மாணவர்கள் செய்த வேலைக்குச் சபை பெயர் வாங்கிக்கொண்டதோ?

செல்வின், மார்த்தாண்டம்

அன்புள்ள செல்வின்,

இரண்டாவது சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பயந்தவன் அடி விழுந்ததும் ஓடுவான். ஓட முடியாவிட்டால் மறுநாள் வரமாட்டான். லாசனிடம் பழகிய பிள்ளைகள் அடுத்த வாரமும் அதே கடைக்குப் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அதற்குத்தான் பயிற்சி.

1959 இலையுதிர் காலம். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம். கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் வாரம் ஒரு மாலை கறுப்பின மாணவர்கள் கூடுவார்கள். லாசன் அப்போது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்தார், வயது 31. வந்தவர்களில் லூயிஸ், டயான் நாஷ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் எல்லோரும் உண்டு. முதலில் பேச்சு: இயேசு, காந்தி, அநியாயச் சட்டத்துக்குப் பணியாதே என்று எழுதிய அமெரிக்கர் தோரோ. பிறகு எதை எதிர்ப்பது என்ற விசாரணை. நகரத்துப் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், செருப்பு வாங்கலாம், ஆனால் கால் வலித்தால் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது, குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போக முடியாது என்று சொன்னவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். கடைகளுக்குள் இருந்த சாப்பாட்டு கவுண்டர்கள் இலக்கானது அப்படித்தான். மேடையில் முழங்குவதற்குத் தோதான பெரிய லட்சியம் எதையும் எடுக்காமல் இதை எடுத்துக்கொண்டதுதான் லாசனின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அதன் பிறகு ஒத்திகை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதுதான் கவுண்டர் என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்கார, மற்றவர்கள் வெள்ளை ரவுடிகளாக நடிப்பார்கள். கெட்ட வார்த்தை, மூஞ்சியில் சிகரெட் புகை, தலைமயிரைப் பிடித்து இழுப்பது, நாற்காலியோடு தள்ளுவது எல்லாம் நடக்கும். கீழே விழுந்தால் தலையையும் வயிற்றையும் காத்துக்கொண்டு எப்படிச் சுருண்டுகொள்வது, அடிப்பவன் கண்ணை எப்படிப் பார்ப்பது, ஒருவனையே போட்டு அடிக்கும்போது இன்னொருவன் எப்படி நடுவே போய் அடியைப் பங்குபோட்டுக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார்கள். கோபத்தை அடக்க முடியாதவர்களுக்கு உட்காரும் வேலை கிடையாது.

1960 பிப்ரவரி 13 அன்று, கவுண்டரில் போய் உட்கார்ந்து எழ மறுக்கும் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது. 27ஆம் தேதி சனிக்கிழமை வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்து அடித்தார்கள். போலீஸ் வந்தது, அடித்தவர்களை விட்டுவிட்டு அடி வாங்கியவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசையை வண்டியில் ஏற்றியதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. சுமார் 80 பேர் கைது. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டது. அதைக் கட்ட மாட்டோம், சிறைக்குப் போகிறோம் என்றார்கள். உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா, சொல்லுங்கள்.

வெளியே கறுப்பின மக்கள் அந்தக் கடைகளைப் புறக்கணித்தார்கள், ஈஸ்டர் வியாபாரம் படுத்தது. ஏப்ரல் 19 அதிகாலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டுக்கு டைனமைட் வைத்தார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் மேயர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். இனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது சரியா என்று டயான் நாஷ் எல்லோர் முன்னும் கேட்க, சரியில்லை என்று மேயர் பென் வெஸ்ட் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு கிடைத்தது.

லாசனுக்கு இந்தப் பாடமெல்லாம் எங்கிருந்து வந்தது? கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது மறுத்தவர் அவர். போதகராகப் போகிறவர் என்று சொல்லி விலக்கு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1953இல் மிஷனரியாக நாக்பூர் வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார். காந்தியை அறிந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். இருக்கையில் இனம் பார்த்து ஒதுக்கியதை எதிர்த்து மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்புச் செய்தியை நாக்பூர்ச் செய்தித்தாளில்தான் படித்தார். ஊர் திரும்பி 1957இல், அந்தப் புறக்கணிப்பை நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார், இருவருக்கும் அப்போது 28 வயது. படிப்பு முடியட்டும், வருகிறேன் என்றவரிடம், காத்திருக்க வேண்டாம், உடனே தெற்கே வாருங்கள் என்றார் கிங்.

சரி, சபை விஷயம். நீங்கள் சொல்வதுபோல, தெற்கே கறுப்பினப் போதகர்களில் பலர் ஒதுங்கியேதான் இருந்தார்கள். வெள்ளையர் சபைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாண்டர்பில்ட் நிர்வாகம், போராட்டத்தை விடு, இல்லையென்றால் வெளியே போ என்று சொல்லி, 1960 மார்ச்சில் லாசனை நீக்கியது. இறையியல் படிக்கும் இடத்திலேயே இதுதான் கதி! ஆனால் அங்குள்ள இறையியல் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ராஜினாமா கடிதம் கொடுத்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சபை கொடுத்தது வேறு. கறுப்பினத்தவருக்கு என்று சொந்தமாக இருந்த ஒரே பெரிய கூடம் அநேகமாகத் தேவாலயம்தான். பள்ளி ஆசிரியர் போராட்டத்தில் தலைகாட்டினால் வெள்ளை அதிகாரி வேலையைப் பறிப்பார். போதகருக்குச் சம்பளம் சபையின் காணிக்கையிலிருந்து வந்தது. அவர் வாயைத் திறக்க முடிந்ததற்கு விசுவாசத்தோடு இதுவும் காரணம்.

அதே டென்னசியில் இருக்கும் மெம்பிஸ் நகரத்தைப் பார்த்தால் லாசனின் வேலை இன்னும் தெளிவாகும். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே சென்டெனரி மெதடிஸ்ட் சபையின் போதகராக இருந்த லாசன் போராட்ட ஆதரவுக் குழுவின் தலைவரானார். கிங்கை அழைத்ததும் அவர்தான். மார்ச் 28 ஊர்வலத்துக்குக் கூட்டம் வந்தது, பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை. பின்னால் வந்த சிலர் கடைக் கண்ணாடிகளை உடைக்க, போலீஸ் பாய்ந்தது. லாசனே ஊர்வலத்தைத் திருப்பிவிட்டு, கிங்கை அங்கிருந்து அனுப்பிவைத்தார். விட்டதைச் சரிசெய்யத்தான் கிங் மறுபடி மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார்.

நான்கு நாள் கழித்து, அவர் மனைவி கொரெட்டா முன்னே நடக்க, அதே நகரத்தில் பல்லாயிரம் பேர் போனார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்து, சம்பள உயர்வுக்கும் ஒப்புக்கொண்டது.

அன்புடன்.