வாளிக்குள் பளிங்கு விளையுமா?

மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், நூல் வெளுக்க வாங்கும் சோடியம் பேர்காபனேற்று விலை கூடிவிட்டது. சோடா ஆஷையும் (சோடியம் காபனேற்றுத் தூள்) 50 வீத ஐதரசன் பெரொக்சைட்டையும் வாளியில் கலந்து நானே செய்து பார்த்தேன். சூடேறி நுரைத்தது, கடைசியில் கோதுமை மா மாதிரி ஒரு தூள்தான் கிடைத்தது. மூன்று கிழமையில் அது கட்டியாகி, வெளுக்கும் குணமும் போய்விட்டது. எங்கே பிழை?"

கலந்த பொருட்கள் சரிதான் தம்பி. சோடாவும் பெரொக்சைட்டும் சேர்ந்து பளிங்காக, அதாவது கற்கண்டு மாதிரி மணிமணியாக, உறைவதுதான் பேர்காபனேற்று. சூடுதான் முதல் பிழை. இந்த இரண்டும் சேரும்போதே வெப்பம் வெளிவரும், அதோடு கச்சான் காற்றடிக்கும் நாளில் திறந்த வாளியில் செய்தால் கேட்கவே வேண்டாம், பளிங்காக வேண்டிய பெரொக்சைட் ஒட்சிசனாகி நுரையோடு போய்விடும். தொழிற்சாலையில் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிட்டு, 15 முதல் 20 பாகை செல்சியசுக்குள் பிடித்து வைத்துக்கொண்டுதான் பெரொக்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். ஒரேயடியாக ஊற்றினால் கரைசல் தாங்காமல் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான சின்னப் பளிங்குகள் பிறக்கும், எதுவும் வளராது. உங்களுக்குக் கிடைத்த மா அதுதான். தயிருக்கு உறை போடுகிற மாதிரி அங்கே பழைய பளிங்கைக் கொஞ்சம் உள்ளே விட்டு, புதிதாக வருவது அதன்மேல் படியும்படி மெதுவாகக் கிளறுவார்கள். இது தண்ணீரில் லீற்றருக்கு 140, 150 கிராம் வரை கரையும் சாமான் என்பதால், கரைசலில் தங்கிவிடாமல் வெளியே தள்ளக் கறியுப்பும் சேர்ப்பதுண்டு.

கெட்டுப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரும் ஈரமும். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வாளியில் செம்மஞ்சள் கறை விடுகிறதா என்று பாருங்கள். விட்டால் அது இரும்பு. இரும்பு, செம்பு, மங்கனீசு எது கொஞ்சம் கலந்தாலும் பெரொக்சைட் உடைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் மக்னீசியம் சல்பேற்று, சோடியம் சிலிக்கேற்று சேர்த்து, காயவைத்து, ஒவ்வொரு பளிங்கு மணியின் மேலும் ஒரு பூச்சும் கொடுக்கிறார்கள். அரைகுறையாகக் காய்ந்ததை இறுக்கி மூடி வைக்கவே வேண்டாம். உள்ளே வாயு சேரும், குவியலாக இருந்தால் தானே சூடேறும், பக்கத்தில் பஞ்சு நூல் வேறு!

சரி, நான் கேட்கிறேன், உங்களுக்கு எதற்குப் பளிங்கு? அது மூட்டையில் கட்டி அனுப்புவதற்கும் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கும். நூல் வெளுக்கும் தொட்டியில் போட்டதும் அது திரும்பவும் சோடாவும் பெரொக்சைட்டுமாகத்தான் பிரியப்போகிறது. 1 கிலோ பேர்காபனேற்று போடுகிற இடத்தில் 675 கிராம் சோடா ஆஷை முதலில் நிறையத் தண்ணீரில் கரைத்து, பிறகு உங்களிடம் உள்ள 50 வீத பெரொக்சைட்டில் ஏறக்குறைய 650 கிராமை மெதுவாக விடுங்கள், கொஞ்சம் சிலிக்கேற்றும் சேருங்கள். பளிங்குச் சலவைச் சோடாவை அதே நிறைக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். பருத்தி நூலென்றால் 80, 90 பாகைக்குச் சூடாக்கினால்தான் நன்றாக வெளுக்கும். பாத்திரம் துருப்பிடிக்காத உருக்கு, இரும்பும் பித்தளையும் அலுமினியமும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், 50 வீத பெரொக்சைட் தோலில் பட்டால் அந்த இடம் வெள்ளையாகி எரியும்.

அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். மிஞ்சினால் போத்தலில் அடைத்து வைக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடுங்கள்.